பதினோரு வருஷம் கழித்து ஓர் அறை

அத்தியாயம் 9

தங்கைக்குப் போன் செய்து ஆறு நாள் ஆகியிருந்தது. "செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. வந்து அறையைப் பார்க்கறேன்" என்று அவள் சொன்ன ஒற்றை வரியை வைத்துக்கொண்டு முதுகு டாக்டர் ஆறு நாளாக மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். பார்க்கிறேன் என்றுதான் சொன்னாளே தவிர, சேருகிறேன் என்று சொல்லவில்லை. அதை அவர் மனைவி இரண்டு தடவை நினைவுபடுத்தியும், கோட்டை மாடி மேல் மாடியாக எழும்புவது நிற்கவில்லை.

முதுகு டாக்டர் என்பது பேஷண்ட்டுகள் வைத்த பெயர். வாசல் பலகையில் கைரோபிராக்டர் என்று இருந்தது. அந்த வார்த்தையை நாக்கு தடுக்காமல் சொன்னவர்கள் குறைவு. குனிந்தவர்கள் நிமிர முடியாமல் வருவார்கள். கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வருவார்கள். குப்புறப் படுக்க வைத்து, விரலால் எலும்பு எலும்பாகத் தடவிப் பார்த்து, சரியான இடத்தில் 'டக்'கென்று ஓர் அழுத்து. எழுந்து நிற்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு தெளிச்சி வரும். அதைப் பார்த்துப் பார்த்தே இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

கூடவே ஒரு வாய். வலியோடு வருகிறவர்களைச் சிரிக்க வைத்தால் தசை தளரும், அழுத்துவது சுலபம் என்று ஆரம்பத்தில் ஒரு யோசனை. போகப் போக அதுவே பழக்கமாகி, வெளியே காத்திருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரியே இருக்காது.

இப்போது சிரிக்க ஆள் குறைந்துவிட்டது. இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய மையம் திறந்திருந்தார்கள். முதுகும் பார்க்கிறார்கள், பிசியோதெரபியும் கொடுக்கிறார்கள், எல்லாம் ஒரே கட்டடம். முன்னறையில் இருந்த பன்னிரண்டு நாற்காலிகளில் ஏழு காற்று வாங்கின.

வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள் அவர் மனைவி. யார் எப்போது வருகிறார்கள், யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நாலு மாசத்துக்கு முன்னால் அவள்தான் ஆரம்பித்தாள்.

"நீங்க நிமிர்த்தி அனுப்பறீங்க. அவங்க உடற்பயிற்சிக்கு அங்க போறாங்க. போனவங்க அங்கேயே தங்கிடறாங்க. நாமே பின்னாடி இருக்கற ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி ஒரு பிசியோ அறை போட்டா என்ன? வர்ற ஒருத்தரே ரெண்டு அறைக்கும் பேஷண்ட். வருமானமும் நிமிரும்."

நல்ல யோசனைதான். அதே யோசனையை, அதே ஸ்டோர் ரூமைக் காட்டி, பதினோரு வருஷத்துக்கு முன்னால் இன்னொருத்தி சொல்லியிருந்தாள் என்பதுதான் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

அன்றைக்குத் தங்கைக்கு இருபத்தைந்து வயசு. பிசியோதெரபி படித்துவிட்டு, ஒரு வருஷம் வேலையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "அண்ணா, அந்த ஸ்டோர் ரூமை எனக்குக் குடு. நீ நிமிர்த்திவிடு. மறுபடி பிடிச்சுக்காம இருக்க நான் சொல்லித் தர்றேன்." கேட்ட இடம் முன்னறை. அன்றைக்குப் பன்னிரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தது. அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் நிமிர்த்தின முதுகுக்கு நீ பந்து உருட்டி விளையாட்டுக் காட்டணுமா குட்டி?"

எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அடுத்த வாரமே பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம் கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் பார்த்துக்கொண்டால், "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." அவ்வளவோடு பேச்சு முடிந்துவிடும். சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். சண்டையே போடாதவளிடம் எதைச் சமாதானம் பேசுவது?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அவள் வந்தாள்.

தோளில் ஒரு துணிப் பை. காதோரம் நரை. வாசலில் நின்று பலகையை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"வா குட்டி" என்றார். முப்பத்தாறு வயசுப் பெண்ணைக் குட்டி என்று கூப்பிட்டதும் அவருக்கே கூச்சமாக இருந்தது.

"வரேன்ண்ணா. அண்ணி, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. காபி குடிக்கறியா?"

"முதல்ல அறையைப் பார்த்துடறேன்."

அவர் முன்னால் நடந்தார். கதவைத் திறக்கும்போது, புதுச் சட்டை போட்டுக்கொண்டு அம்மாவிடம் காட்ட வந்த பையனைப் போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

உள்ளே சுவர்கள் வெள்ளையாக இருந்தன. உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய கட்டில். பிடித்துக்கொண்டு நடக்க இரண்டு பக்கமும் கம்பி. ஆளுயரக் கண்ணாடி. ஆணியில் மூன்று நிறத்தில் ரப்பர் பட்டைகள். மூலையில் நீல நிறத்தில் ஒரு பெரிய பந்து. கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொள்ளப் பச்சைத் திரை.

தங்கை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தாள். கம்பியை ஆட்டிப் பார்த்தாள். கட்டிலின் மிதியை அழுத்தி ஏற்றினாள், இறக்கினாள். "நல்ல கட்டில்" என்றாள்.

பந்தைப் பார்த்தபோது மட்டும் ஒரு நொடி நின்றாள். அவர் தரையைப் பார்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு" என்று மேஜை இழுப்பறையிலிருந்து காகிதம் சுற்றிய ஒரு பலகையை எடுத்துக் கொடுத்தார். கதவில் மாட்ட அவள் பெயர் பொறித்த பலகை. மனைவிக்குக் கூடச் சொல்லாமல் செய்யக் கொடுத்திருந்தார்.

அவள் காகிதத்தைப் பிரித்தாள். படித்தாள். விரலால் எழுத்துகளைத் தடவினாள்.

"அழகா இருக்குண்ணா. படிப்புதான் பாதி விட்டுப்போச்சு."

"என்ன விட்டுப்போச்சு? நீ படிச்சதுதானே போட்டிருக்கு?"

"அதுக்கு மேல ரெண்டு வருஷம் படிச்சேனே. முதுகுத்தண்டு நரம்புக்குன்னே தனிப் படிப்பு. முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு."

ஆறு வருஷத்தில் எத்தனை கல்யாணம், எத்தனை துக்கம். ஒரு தடவையாவது, 'இப்ப என்ன பண்ணிட்டிருக்கே?' என்று கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"மாத்திடலாம். நாளைக்கே மாத்தச் சொல்றேன்."

"இருண்ணா. அவசரப்படாதே." பலகையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். "இதைப் பாரு."

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டுக்குப் பக்கத்தில், எலும்பு முண்டாகப் புடைத்திருந்தது. அவர் பழக்கதோஷத்தில் தொட்டு லேசாக அசைத்தார். அவள் பல்லைக் கடித்தாள். மூட்டு உள்ளே நறநறவென்று உரசுவது அவர் விரலுக்குத் தெரிந்தது. தேய்ந்துபோன மூட்டு. அறுபது வயசுக்காரர்களுக்கு வருகிற மாதிரி.

"ஒரு நாளைக்கு நாப்பது பேஷண்ட்ண்ணா அங்க. எல்லாரையும் இந்தக் கட்டைவிரலால அழுத்தணும். போன வருஷம் டாக்டரே சொல்லிட்டார், கையால செய்யற வேலையை நிறுத்துன்னு. இப்ப உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கறேன், நடக்க வைக்கறேன், பார்த்துச் சொல்றேன். நீ என்னை மனசுல வெச்சுக் கட்டின அறை இது. ஆனா நீ நினைச்ச ஆளு இப்ப நான் இல்ல."

இந்த அறையில் இருந்திருந்தால் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்திருப்பார்கள். பன்னிரண்டு வந்திருக்கலாம். அவர் கணக்குப் போட வேண்டாம் என்று நினைத்தும் மனசு போட்டது. அவள் கையை விட அவருக்கு மனம் வரவில்லை.

"குட்டி, அன்னிக்கு நான்..."

கதவு திறந்தது. "ஏங்க, முதல் பேஷண்ட் ரெடி" என்று மனைவி சிரித்த முகத்தோடு வந்து நின்றாள். "நம்ம தையல்காரம்மாதான். இந்தத் திரையெல்லாம் அவங்க தைச்சுக் குடுத்ததுதான். இன்னிக்கு உங்ககிட்ட முதுகுக்கு வந்திருக்காங்க. அப்படியே இந்த அறையிலயும் ஆரம்பிச்சுடலாம்னு சொல்லியிருக்கேன். பன்னிரண்டு தடவை."

"பன்னிரண்டா?" என்றாள் தங்கை.

"எல்லாருக்கும் பன்னிரண்டுன்னு வெச்சிருக்கேம்மா. அந்த மையத்துல அப்படித்தான் பண்றாங்களாம்."

"ஆளைப் பார்க்கறதுக்கு முன்னாடியே எப்படி அண்ணி சொல்ல முடியும்? சிலருக்கு நாலு போதும். சிலருக்கு ஒண்ணுமே வேண்டாம்."

மனைவியின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "வேண்டாம்னு திருப்பி அனுப்பவா இவ்வளவு செலவு பண்ணி அறை போட்டோம்?"

அவர் நடுவில் புகுந்து எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தங்கை கையை உயர்த்தினாள்.

"இருங்க. யார் நடந்து வர்றது?"

நடைவழியில் காலடி கேட்டது. தட், சப். தட், சப். ஒரு கால் சாதாரணமாக ஊன்றுகிறது. இன்னொரு கால் தரையில் அறைகிற மாதிரி விழுகிறது.

தையல்காரம்மா வாசலில் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயசு. கழுத்தில் அளவு டேப் தொங்கியது. கழற்ற மறந்து வந்திருக்கிறார். "திரை அளவு சரியா இருக்கா டாக்டரம்மா? ஒரு விரக்கடை கூடுதலாத்தான் விட்டேன்" என்று டாக்டரின் மனைவியிடம் கேட்டுக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, உள்ள வாங்க" என்று தங்கை அவர் கையைப் பிடித்தாள். "எத்தனை நாளா இந்தக் கால் இப்படி விழுது?"

"கால் ஒண்ணுமில்லம்மா. செருப்புதான் சரியில்ல. கழண்டு கழண்டு போகுது. டாக்டர்கிட்ட கூடச் சொன்னேனே, மூணு வாரத்துக்கு முன்னாடி."

சொன்னார்தான். குப்புறப் படுத்துக்கொண்டு சொன்னார். அதற்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்பதும் முதுகு டாக்டருக்கு அட்சரம் பிசகாமல் நினைவுக்கு வந்தது. "செருப்புக்கு உங்க மேல என்னம்மா கோபம்? ஒரு ஜோடி புதுசா வாங்கிச் சமாதானம் பண்ணுங்க." கதவு திறந்திருந்ததால் முன்னறையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரம்மாவும் சிரித்தார்.

"செருப்பைக் கழட்டிட்டு, குதிகால்ல மட்டும் நில்லுங்க அக்கா. விரலைத் தூக்குங்க."

இடது கால் விரல்கள் உயர்ந்தன. வலது கால் விரல்கள் உயரவில்லை. அந்த அம்மா குனிந்து தன் காலையே வேடிக்கை பார்ப்பது போலப் பார்த்தார். "தூக்கச் சொல்றேன், கேக்க மாட்டேங்குதே" என்றார்.

தங்கை அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். "அண்ணா, வெளிய நில்லு."

அவர் திரைக்கு இந்தப் பக்கம் நின்றார். ஒரு விரக்கடை கூடுதலாக விட்ட பச்சைத் துணி. அதற்கு அந்தப் பக்கம் தங்கை கேட்கிற கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. உரக்கவும் இல்லை, பதற்றமாகவும் இல்லை. ஆஸ்பத்திரியில் தினமும் கேட்டுப் பழகிய குரல்.

"இங்க தொடறது தெரியுதா? இங்க?"

"லேசா."

"உக்கார்ற இடத்துல, தொடை உள்பக்கம், மரத்த மாதிரி இருக்கா?"

"நாள் பூரா மெஷின்லயே உக்காந்திருக்கேன். மரத்துத்தானே போகும்னு நினைச்சேன்."

"எப்பத்திலேர்ந்து?"

"ரெண்டு நாளா."

"ஒண்ணுக்குப் போறது எப்படி இருக்கு அக்கா? வெக்கப்படாதீங்க, சொல்லுங்க."

தையல்காரம்மாவின் குரல் தணிந்து வந்தது. "நேத்துலேர்ந்து போகணும்னே தோணல. போனாலும் சரியா வரல. உள்ளாடை நனைஞ்சிருந்துது. எனக்கே தெரியலம்மா. வயசாகுதுன்னு யார்கிட்டயும் சொல்லல."

முதுகு டாக்டருக்கு இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. முதுகுத்தண்டின் அடியில் நரம்புகள் ஒரு கொத்தாக இறங்குகின்றன. எலும்புகளுக்கு நடுவிலிருந்து விலகிய டிஸ்க் அந்தக் கொத்தையே நசுக்க ஆரம்பித்தால் இந்த மூன்று கேள்விக்கும் இந்த மூன்று பதில்தான் வரும். படித்த காலத்தில் சிவப்பு மையால் கட்டம் போட்டு வைத்திருந்த பக்கம் அது. எந்த முதுகையும் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள். எத்தனை வருஷமாகக் கேட்பதை விட்டுவிட்டார் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

திரை விலகியது. தங்கை அவர் அருகே வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

"போன வாரம் அழுத்தினியா?"

"அழுத்தினேன்."

"அதுக்கு முன்னாடி வாரம்?"

"அப்பவும்."

"காலைப் பார்த்தியா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார், இல்லை என்று. ஏன் பார்க்கவில்லை? அந்த மூன்று வாரமும் பின்னறையில் சுவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டில் வரவில்லை, கண்ணாடி உடைந்து வந்தது, பெயின்ட்காரர் போனை எடுக்கவில்லை. பேஷண்ட்டைப் படுக்க வைத்துவிட்டு வாசல் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் அழுத்திக்கொண்டிருந்தார்.

தங்கை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அண்ணி, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க. நான் எங்க ஆஸ்பத்திரியில சொல்லி வெக்கறேன்" என்றவள், தையல்காரம்மா பக்கம் திரும்பி அவர் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, முதுகுக்குள்ள நரம்பு நசுங்குது. இன்னிக்கே ஸ்கேன் எடுக்கணும். அநேகமா இன்னிக்கே ஆபரேஷனும் பண்ணுவாங்க. நாளைக்குன்னு தள்ளிப்போடற விஷயம் இல்ல. நான் கூடவே வரேன். வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க."

"அவர் பஸ் ஓட்டிட்டிருப்பாரேம்மா, எடுக்க மாட்டார்." தையல்காரம்மாவின் கண்கள் அவளைத் தாண்டி முதுகு டாக்டரைத் தேடின. "டாக்டர், நிஜமாவா? நீங்க ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க?"



ஆம்புலன்ஸ் வந்து போன பிறகு முன்னறையில் காத்திருந்த மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். தங்கை ஏறும்போது சொன்னது ஒன்றே ஒன்று: "ஃபைலை எடுத்து வெய்யிண்ணா. கேப்பாங்க."

மூன்று மணிக்குப் போன் வந்தது. ஸ்கேன் எடுத்தாயிற்று, சந்தேகப்பட்டது சரிதான், ஆபரேஷன் செய்யப் போகிற டாக்டர் பழைய குறிப்புகளைக் கேட்கிறார்.

அவர் ஃபைலைப் பிரித்தார். முதல் பக்கம் இரண்டு வருஷத்துக்கு முந்தியது. எங்கே வலி, எந்தப் பக்கம் சாய்ந்தால் கூடுகிறது, கால் பலம், உணர்ச்சி எல்லாம் வரி வரியாக எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து. பக்கம் புரளப் புரள வரிகள் குறைந்தன. கடைசி மூன்று வருகைக்கும் தேதியும் ஒற்றை வார்த்தையும் மட்டும். 'முன்னேற்றம்.' 'முன்னேற்றம்.' 'முன்னேற்றம்.'

மனைவி மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. அவளும் அந்த அம்மாவும் வாரா வாரம் அரை மணி நேரமாவது ஊர்க்கதை பேசாமல் இருந்ததில்லை.

"ஏங்க."

"ம்."

"கடைசி வாரத்துக்கு நேரா கொஞ்சம் இடம் இருக்கு." அவள் அவரைப் பார்க்காமல் ஃபைலையே பார்த்துப் பேசினாள். "கால்ல பலம் குறைவு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரிங்க. சொல்லியிருப்பீங்க. உங்களுக்கு மறந்திருக்கும்."

"சொல்லல."

"சொல்லியிருப்பீங்கன்னுதான் சொல்றேன்."

"சொல்லலம்மா. செருப்பு வாங்கச் சொன்னேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இருபத்தாறு வருஷங்க. ஒருத்தர் ஒரு குறை சொன்னதில்ல. இப்பதான் அறை கட்டியிருக்கோம். இதுக்கு மேல இங்க யார் வருவா? எனக்குப் பயமா இருக்கு."

அவள் பயந்து அவர் பார்த்ததில்லை. கிளினிக் ஆரம்பித்த வருஷம் ஒரு பேஷண்ட்டும் வராத நாட்களில் கூட, காலி நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தவள். அவளுக்காகவாவது அந்த ஒரு வரியை எழுதிவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது உண்மை. பேனாவை எடுத்தது உண்மை. அந்த இடத்தில் முனையை வைத்தது வரைக்கும் உண்மை.

பேனாவைத் தூக்கிவிட்டு, அடுத்த வெற்றுப் பக்கத்தைப் புரட்டினார். மேலே இன்றைய தேதியைப் போட்டார். எழுத ஆரம்பித்தார்.

'மூன்று வாரங்களுக்கு முன்பே வலது கால் செருப்பு கழன்று விழுவதாகச் சொன்னார். காலைச் சோதிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை முதுகை அழுத்தினேன். இன்று இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல.'

கீழே கையெழுத்துப் போட்டார். மனைவி தலைகீழாகவே அதைப் படித்தாள். எழுந்து போனாள். வரவேற்பு மேஜையில் நாளைக்கு வர வேண்டியவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்து, "டாக்டர் நாளைக்கு இருக்க மாட்டார்" என்று சொல்ல ஆரம்பித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த எண்ணை அழுத்தினாள்.

ஐந்து மணிக்குத் தங்கை மறுபடி அழைத்தாள்.

"தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க."

"கால் திரும்புமா?"

"தெரியாதுண்ணா. கால் கூட வந்துடும். மத்தது எப்படியோன்னுதான் டாக்டர் சொல்றார். ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா நிச்சயமாச் சொல்லியிருப்பேன்னார்." ஒரு மூச்சு விட்டாள். "அவங்க வீட்டுக்காரர் வந்திருக்கார். உன்னைப் பார்க்கணுங்கறார்."

"கோபமா இருக்காரா?"

"கோபமா இருந்தா நான் சமாளிச்சிருப்பேன். உனக்கு நன்றி சொல்லணுமாம். உன் கிளினிக்லதான் கண்டுபிடிச்சாங்க, டாக்டர்தான் உடனே அனுப்பினார்னு யாரோ சொல்லியிருக்காங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. அது நான் சொல்ற விஷயமா?"

அவர் மேஜை மேலிருந்த ஃபைலை மூடினார்.

"அண்ணா, இன்னொண்ணு. அந்த அறை விஷயம். நான் வரேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. முதல்ல நீ இங்க வா. அப்புறம் பேசிக்கலாம்."

ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நீளமான நடைவழி. சுவரோரம் இரும்பு நாற்காலிகள். தங்கை சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள், வலது கையை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டு. அவளுக்குப் பக்கத்தில் பஸ் டிரைவர் சீருடையில், தலை கலைந்த ஒரு மனிதர். மடியில் ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. மூன்று வாரத்துக்கு முன்னால் வாங்கியதாக இருக்கும், பட்டை இன்னும் விறைப்பாகவே இருந்தது.

இவரைப் பார்த்ததும் அந்த மனிதர் எழுந்தார். செருப்பை நாற்காலியில் வைத்துவிட்டு வேகமாக வந்து இவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர், நீங்க மட்டும் இல்லன்னா..."

அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது. நாள் முழுக்க பஸ் ஓட்டிக் காய்த்துப்போன உள்ளங்கை. முதுகு டாக்டர் தங்கையைப் பார்த்தார். அவள் தலையை அசைக்கவில்லை; கண்ணை எடுக்கவும் இல்லை.

அவர் மெல்லத் தன் கையை உருவிக்கொண்டார்.

"முதல்ல உக்காருங்க" என்றார். "நான் சொல்றதை முழுசாக் கேளுங்க. கேட்டதுக்கப்புறமும் பிடிக்கணும்னு தோணினா, அப்ப என் கையைப் பிடிங்க."